அடுப்பு எரிந்தால் அறை குளிரும்

எங்கள் தெருவில் வெளிநாடு பார்க்காதவன் நான் ஒருவன்தான். எதிர்வீட்டுக்காரர் மஸ்கட்டில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். என் மைத்துனன் கப்பல் வேலைக்காரன். அவன் மிதிக்காத துறைமுகம் இல்லை. நானும் ஒரு பாஸ்போர்ட் எடுத்தேன். அது பத்து வருடம் பீரோவில் கிடந்து, ஒரு முத்திரைகூட வாங்காமல் காலாவதியானது. ஆகவே புதுச்சேரியில் ஒரு வேலை இருக்கிறது என்று போன் வந்தபோது, 'பிரான்ஸ்காரன் ஆண்ட ஊர், இதுவும் வெளிநாடுதான்' என்று வீட்டில் அறிவித்தேன்.

"சரி, அந்த நாட்டுலயாவது கொறட்டை விடாம தூங்குங்க" என்றாள் மனைவி.

நண்பர்கள் யாரும் வேலை என்பதை நம்பவில்லை. தூத்துக்குடிக்காரன் ஒருவன் புதுச்சேரிக்கு வேலையாகப் போகிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் கண்ணடிப்பார்கள். எனக்கோ சர்க்கரை, வயிற்றுப்புண் இரண்டும் இருக்கின்றன. சோடா குடித்தாலே டாக்டர் திட்டுவார்.

நான் குளிர்சாதன மெக்கானிக். மீன் கம்பெனிகளின் குளிர் அறை, ஐஸ்கிரீம் கடை, ஆஸ்பத்திரிப் பிணவறை எல்லாம் என் கையில். இதுவரை என் வேலையில் குறை சொல்லாத வாடிக்கையாளர்கள் அந்தப் பிணவறையில் இருப்பவர்கள் மட்டுமே. முப்பது வருடமாக கம்ப்ரசரோடு குடும்பம் நடத்துகிறேன். அது ஓடும் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே என்ன நோய் என்று சொல்லிவிடுவேன்.

வேலை இதுதான். புதுச்சேரியில் மதாம் தெரேஸ் என்ற அம்மையாருக்கு ஒரு பேக்கரி. மாவு பிசைந்து மடிக்கும் அறை குளுகுளுவென்று இருக்கவேண்டும். அங்கே யாரோ ஒரு காலேஜ் டீச்சர் விறகு அடுப்பின் சூட்டிலேயே ஓடும் குளிர் இயந்திரம் ஒன்றைச் செய்து மாட்டியிருக்கிறாராம். அது மதியமானால் நின்றுவிடுகிறதாம். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு என் கம்ப்ரசரை மாட்டித் தரவேண்டும். அடுப்புச் சூட்டில் குளிர் என்று கேட்டதும் நான் சிரித்த சிரிப்பில் போன் கையிலிருந்து விழுந்தது. கம்ப்ரசரை மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்து, கூடவே நானும் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

வழியில் டீக்கு பஸ் நின்றபோது நெடுஞ்சாலையை ஒட்டி நின்று டீ குடித்தேன். எதிரில் ஒரு பஸ், ஆகாயத்தில் பறப்பதாக நினைத்துக்கொண்டு, என்னை உரசுவதுபோல் போனது. மறுகணம் என் தோளில் துண்டு இல்லை. அது டிக்கெட் எடுத்த பயணிபோல அந்த பஸ்ஸின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"ரோட்ட ஒட்டி நிக்காதீங்க சார்" என்றார் டீக்கடைக்காரர், நிதானமாக. "வண்டி வேகமா போனா பக்கத்துல இருக்கறதயெல்லாம் இழுக்கும். போன வாரம் என் பேப்பர் கட்டு மொத்தமா போச்சு."

துண்டுக்கு வருத்தப்பட்டேன். அது எனக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போனது என்று அப்போது தெரியாது.

வியாழன் சாயங்காலம் இறங்கினேன். ஆட்டோக்காரரிடம் "மதாம் தெரேஸ் பேக்கரி" என்றேன். "ஏறுங்க சார், மதாம் கடைதான?" என்று அவர் நேராகக் கடற்கரைக்கு விட்டார். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிக்கு அனுமதி இல்லை. தடுப்பை வைத்துக்கொண்டு சிவப்புத் தொப்பியில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். ஊரே காற்று வாங்க நடந்துகொண்டிருந்தது.

"எங்க போறீங்க?"

கடைப் பெயரைச் சொன்னேன்.

"அது நெல்லித்தோப்புல இல்ல இருக்குது? இங்க எதுக்கு வந்தீங்க?"

"மதாம்னு சொன்னாரு சார்" என்றார் ஆட்டோக்காரர். "மதாம்னா இந்தப் பக்கம்தான இருப்பாங்க."

"யோவ், எங்க தெருவுல மூணு மதாம் இருக்காங்க. ரெண்டு பேரு ரேஷன் கடையில எனக்கு முன்னாடி நிப்பாங்க." பிறகு பெட்டியைத் தட்டினார். "இதுல என்னா? சரக்கா?"

"கம்ப்ரசர் சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இங்கேர்ந்து சரக்க வெளிய கொண்டுபோவாங்க. உள்ள யாரும் கொண்டாரமாட்டாங்க. போங்க."

நெல்லித்தோப்பில் பேக்கரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையை மதாம் எனக்குப் பிடித்து வைத்திருந்தார். வீட்டுக்கார அம்மா சாவியைத் தரும்போதே எச்சரித்தார்: "சார், ஒண்ணு சொல்லிடறேன். கத்திரி வெயிலு. பதினோரு மணிக்கு மேல குழாயத் தொறக்காதீங்க, மாடி டேங்க் தண்ணி கொதிக்கும். காலையிலயே ரெண்டு பக்கெட் புடிச்சு நெழல்ல வச்சிக்குங்க. நாங்க அப்படித்தான்."

தூத்துக்குடிக்காரனுக்கு வெயில் பாடமா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

வெள்ளி காலை ஐந்தரைக்கு பேக்கரிக்குப் போனேன். எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் பொட்டலத்தைக் கொடுத்தேன். மதாம் தெரேஸ் ஐம்பத்தைந்து வயதுக்காரர், கையெல்லாம் மாவு. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். "பாரிஸ்ல ரெண்டு குளுருகாலம் இருந்தேன் முசியே. மூணாவது வர்றதுக்குள்ள இங்க ஓடியாந்துட்டேன். இப்ப பாருங்க, குளுருக்காக உங்கள வரவழைக்கிறேன்" என்றார். முசியே என்றால் ஐயா என்று அர்த்தம். என்னை வாழ்க்கையில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்தியே நடந்தேன்.

அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த நீளமான ரொட்டியையும் முந்தின நாள் ஆட்டுக்கறிக் குழம்பையும் முன்னால் வைத்தார். எங்கள் ஊரில் பரோட்டாவைப் பிய்த்து சால்னாவில் ஊறப்போடுவோம். இங்கே ரொட்டியைப் பிய்த்தால் அதுவே கறுமுறுவென்று பேசுகிறது. குழம்பில் தோய்த்த பிறகுதான் அடங்குகிறது. முழு ரொட்டியையும் தின்றுவிட்டு, சர்க்கரை வியாதிக்காரன் என்று சொல்லி டீயில் சர்க்கரை வேண்டாம் என்றேன்.

அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் அருள். இருபது வருடமாக அந்த அடுப்பின் வாயில் நிற்கிறார். "அண்ணாச்சி, நாங்க சவுக்கு வெறகுல ரொட்டி சுடறோம், நீங்க அதுலயே எங்க டீச்சரம்மாவ சுடப்போறீங்க" என்று வரவேற்றார்.

டீச்சரம்மா பின்னாலேயே நின்றிருந்தார். பெயர் கலைச்செல்வி, முப்பத்தைந்து வயது இருக்கும். பாகூர்ப் பக்கம் நெல் வைக்கும் குடும்பம். இங்கே ஒரு காலேஜில் மெக்கானிக்கல் வாத்தியார். ஒருநாள் ரொட்டி வாங்க வந்தவர் புகைபோக்கியைப் பார்த்தாராம். ரொட்டி வெந்தபிறகு அத்தனை சூடும் வானத்துக்குப் போகிறது. பக்கத்து அறையில் ஏசி திணறிக்கொண்டிருக்கிறது. "இதாலயே அத குளிர வைக்கலாம் மதாம்" என்று அவர் சொன்னதில் ஆரம்பித்த கதை, மூன்று வருடம்.

"கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுங்க சார்" என்றார் என்னிடம். கெஞ்சவில்லை. தன் மாட்டை சந்தையில் விற்கும்முன் ஒருமுறை தண்ணீர் காட்டுகிறவரைப் போல இருந்தது அந்தக் குரல்.

உள்ளே போனதும் வழக்கம்போல் காதைத் தீட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. கடகடப்பு, உறுமல், நடுக்கம், எதுவும் இல்லை. குக்கர் விசில் போடுவதற்கு முன் மெல்ல மூச்சு விடுமே, அந்த 'ஸ்ஸ்' மட்டும். ஓடவில்லை என்று நினைத்துச் சுவரோரம் இருந்த குழாயைத் தொட்டேன். விரல் ஜில்லென்றது. கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டேன். என் கை மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

"கம்ப்ரசர் எங்கம்மா?"

"கெடையாது சார்."

"சுத்துத சாமான் என்ன இருக்கு?"

"ஒண்ணுமே சுத்தாது. கீழ ஒரு சின்ன பம்ப் இருக்கு, கொதிக்கற பானைக்குத் தண்ணி தள்ள. அவ்ளோதான்." அவர் ஒரு குழாயைக் காட்டினார். நடுவில் இடுப்பு சிறுத்து, மறுபடி விரிந்து, நாதஸ்வரத்தைப் படுக்கவைத்த மாதிரி இருந்தது. "இதுதான் எல்லாம். இதுக்கு எஜெக்டர்னு பேரு. அடுப்புப் பொகை சூட்டுல தண்ணி ஆவியாவுது. அந்த ஆவி இந்த சின்ன ஓட்ட வழியா படுவேகமா பீச்சுது. வேகமா போற ஆவி பக்கத்துப் பாத்திரத்துல இருக்கற ஆவியயும் சேத்து இழுத்துட்டுப் போவுது..."

"என் துண்டு!" என்று கத்திவிட்டேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். பஸ் கதையைச் சொன்னேன்.

"அதேதான் சார்" என்று அவர் முகம் மலர்ந்தது. "பஸ்ஸுதான் அடுப்புல கெளம்பற ஆவி. துண்டுதான் இங்க இருக்கற ஆவி. இழுக்க இழுக்க இந்தப் பாத்திரத்துல காத்தே இல்லாத மாதிரி ஆயிடும். அப்ப தண்ணி கொதிக்க நூறு டிகிரி வேணாம். பத்து டிகிரியிலயே கொதிக்கும். கொதிக்கறதுக்கு சூடு வேணுமில்ல? அத மிச்சத் தண்ணிகிட்டேர்ந்தே புடுங்கிக்கும். தண்ணி குளுந்துடும். அந்தத் தண்ணியத்தான் ரூம் கொழாயில சுத்த விடறோம்."

பாத்திரத்தில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. குனிந்து பார்த்தேன். உள்ளே தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. சோற்றுப்பானை கொதிக்கிற அதே கொதி. பக்கத்தில் செருகியிருந்த தெர்மாமீட்டரில் பதினொன்று. கண்ணாடியில் கன்னத்தை வைத்தேன்; குளிர்ந்தது. கண்ணெதிரே கொதிக்கிற தண்ணீர் என் கன்னத்தைக் குளிர வைக்கிறது.

முப்பது வருடத்தில் எத்தனையோ அறைகளைக் குளிரவைத்திருக்கிறேன். ஒருமுறைகூட எனக்குப் புல்லரித்ததில்லை. எங்கள் ஊர் மாதா தேர் திரும்பும்போது கூட்டத்தில் நிற்பதுபோல அந்தக் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

"அண்ணாச்சி, ஈ பூந்துடப்போவுது" என்றார் அருள்.

"எல்லாம் சரி முசியே" என்று மதாம்தான் என்னைத் தரைக்கு இறக்கினார். "காலையில நல்லாத்தான் ஓடுது. மத்தியானம் நின்னுடுது. நாளன்னிக்கு ஞாயித்துக்கிழம கோயில்ல பிள்ளைங்களுக்குப் புதுநன்மை குடுக்கறாங்க, அதுக்கு ஒரு விருந்து. முன்னூறு குவாசான், அடுக்கடுக்கா உதிருற பிறை ரொட்டி. அந்த வீட்டுக்காரங்க பாதிப் பேரு பிரான்ஸ்லேர்ந்து வந்திருக்காங்க. மாவுக்கு நடுவுல வெண்ணெய வச்சு மடிச்சு மடிச்சு உருட்டணும். காலையில மேசையில ரொட்டி வேல இருக்கும். சனிக்கிழம மத்தியானம்தான் மடிக்க முடியும்; ராத்திரி உப்ப வச்சு விடியக்காலம் சுடணும். அறை சூடானா வெண்ணெ உருகி மாவோட கலந்துடும். அடுக்கே பிரியாது. பன்னு மாதிரி வரும். அவங்க முன்னாடி நான் பன்னு வைக்க முடியாது."

அதுதான் தீர்ப்பு. சனிக்கிழமை மதியமும் இயந்திரம் நின்றால், அன்றோடு அது பழைய இரும்பு. கூடுதல் கரண்டுக்கு அனுமதியும் வாங்கிவிட்டார் மதாம். கலைச்செல்வி கைப்பையை எடுத்துக்கொண்டு காலேஜுக்குக் கிளம்பினார். பரீட்சைக் காலம், லீவு கிடையாது.

நான் என் வேலையைப் பார்த்தேன். சுவரில் ஒரு பெரிய ஓட்டை போட்டேன். செம்புக் குழாய்களை இழுத்து வைத்தேன். இனிப் பெட்டியைத் திறந்து மாட்டினால் போதும், இரண்டு மணி நேர வேலை. ஓட்டை போடும்போது அந்த நாதஸ்வரத்தைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

சொன்னதுபோலவே ஒரு மணிக்கு அது நின்றது. மெல்ல மெல்லத் தேயவும் இல்லை. 'ஸ்ஸ்' என்ற மூச்சு திடீரென்று 'கொர்ர்' என்றது. கண்ணாடிக்குள் கொதி அடங்கியது. கொதிக்கும் பானையிலிருந்து வந்து வெளியே போகவேண்டிய ஆவி திக்குத் தெரியாமல் திரும்பி, குளிர்ப் பாத்திரமே வெதுவெதுப்பானது.

"சூடு பத்தல. வெறகு போடுங்க" என்றேன், கம்ப்ரசர்காரனின் மூளையோடு. அருள் போட்டார். இன்னும் மோசமானது. இன்னும் போட்டார். அறைக்குள் நாங்கள்தான் வெந்தோம்.

சாயங்காலம் ஏழு மணிக்கு கலைச்செல்வி வந்தார். பத்தே நிமிடத்தில் இயந்திரம் ஒன்றுமே நடக்காததுபோல் மூச்சுவிட ஆரம்பித்தது.

"பாருங்க! நான் இருந்தா ஓடுது" என்றார் கலைச்செல்வி. "அருள் அண்ணே, மத்தியானம் நீங்க அடுப்ப அணைய விடறீங்க. சாப்ட்டு தூங்கிடறீங்க."

"யம்மா, இன்னைக்கு நானும் அண்ணாச்சியும் சேந்து அரை வண்டி வெறகு போட்டோம். நாந்தான் தூங்கினேன், தூத்துக்குடியுமா தூங்கிச்சு?"

நான் சாட்சி சொன்னேன். கலைச்செல்வியின் முகம் வாடிவிட்டது. இயந்திரத்தைவிட, அருளைச் சந்தேகப்பட்டது அவருக்கு வலித்தது என்று நினைக்கிறேன். யாரும் கேட்காமலேயே மெதுவாகச் சொன்னார்: "அப்ப ஆவி வெளிய போவ முடியாம அடைக்குது. இது டவுன் பஸ் மாதிரி சார். உள்ள எடம் இருக்கற வரைக்கும் எத்தன பேரு வேணாலும் தள்ளிக்கிட்டு ஏறலாம். படி வரைக்கும் நெறஞ்சிட்டா, தள்ற ஆளுதான் கீழ விழுவான். இன்னும் நாலு பேரு பின்னாலேர்ந்து தள்ளினா இன்னும் மோசம். ஏறுன ஆவி உள்ள போயி குளுந்து தண்ணியா ஆயிட்டாதான் எடம் காலியாவும். ஆவுது, நான் அளந்தேன். ஏன் மத்தியானம் மட்டும்...?"

மறுநாளும் அவருக்குப் பரீட்சை ஹால் வேலை, போனை அணைத்துவைக்கவேண்டும். "நாளைக்கு ஒரு மணி வரைக்கும் பாப்போம்" என்றார் மதாம்.

சனிக்கிழமை காலை இயந்திரம் தங்கமாக ஓடியது. பன்னிரண்டரைக்கு ஆவி அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் ஏறியது. ஒரு மணிக்கு 'கொர்ர்'. மதாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், குளிர்ப்பெட்டியில் பலகை பலகையாக அடுக்கியிருந்த வெண்ணெயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பொட்டியத் தொறங்க முசியே."

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. புது கம்ப்ரசர் பெட்டியைத் திறக்கும்முன் குளித்து, நெற்றியில் நீறு பூசாமல் தொடமாட்டேன். ஒருமுறை அவசரத்தில் அப்படியே திறந்தேன். அந்த கம்ப்ரசர் ஐஸ்கிரீம் கடை திறப்பு விழா அன்றே உயிரை விட்டது. "அரை மணி நேரத்துல வாறேன்" என்று அறைக்கு ஓடினேன்.

தலையில் ஷாம்பூ போட்டு, முகமெல்லாம் நுரையாக, கண்ணை மூடிக்கொண்டு பக்கெட்டைத் துழாவினேன். காலி. வீட்டுக்கார அம்மா சொன்னபடி காலையில் பிடித்துவைக்க மறந்திருந்தேன். வேறு வழியில்லாமல் குழாயைத் திறந்து தலையைக் கொடுத்தேன்.

நான் எழுப்பிய சத்தத்தை ஒரு மனிதன் எழுப்பியதாகக் கீழ்வீட்டில் நம்பவில்லை. "சார்! குழாயத் தொறந்தீங்களா?" என்று கீழிருந்து வீட்டுக்கார அம்மாவின் குரல். "சொன்னேனே சார்! மொட்டை மாடியில கறுப்பு டேங்க், மண்டையப் பொளக்கற வெயிலு! ஏழு மணிக்கு ஊருக்கே புதுத் தண்ணி விட்டு ரொம்புனாதான் குளுரும்!"

ஒரு காலில் ஆடிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றேன். மத்தியானம் கொதிக்கும். ஏழு மணிக்குக் குளிரும். காலையிலும் குளிர்ந்திருக்கும்.

இதை நான் வேறொரு இடத்திலும் பார்த்திருக்கிறேனே.

லுங்கியைக் கட்டிக்கொண்டு, காதில் நுரையோடு, நெல்லித்தோப்புத் தெருவில் ஓடினேன். காய்கறி வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பேக்கரிக்குள் புகுந்து, ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் உருளைக்குப் போகிற குழாயைப் பிடித்தேன். சுட்டது. அந்த உருளைக்குக் குளிர்ந்த தண்ணீர் போகவேண்டும். போய்க்கொண்டிருந்ததோ நான் சற்றுமுன் குளித்தது மாதிரியே வெந்நீர்.

குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனேன். அது சுவரில் ஏறியது. மாடிக்குப் போனது. மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டியில் போய் முடிந்தது. இறங்கி வந்து, சுவரில் கலைச்செல்வி ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தேன். அதில் அந்தக் குழாய்க்கு நேரே அழகான கையெழுத்தில் 'கிணறு' என்று எழுதியிருந்தது.

"அருளு, இந்த வீட்டுல கெணறு இருக்கா?"

"பின்னாடி இருக்குதே. மேல மூடி போட்டு ரொட்டித் தட்டு காய வைக்கறோம்." அருள் தலையைச் சொறிந்தார். "பைப் போட்டவரு வந்தப்ப கெணத்துல மோட்டார் இல்ல அண்ணாச்சி. டேங்க்லேர்ந்து குடுத்துடறேன், தண்ணி தண்ணிதானன்னாரு. அது மார்கழி மாசம். டேங்க் தண்ணி ஐஸு மாதிரி இருந்துச்சு. யாரு கேட்டது?"

கலைச்செல்வி காலையில் வந்து அளப்பார், குளிர்ந்திருக்கும். ஏழு மணிக்கு வந்து அளப்பார், குளிர்ந்திருக்கும். மத்தியானம் குழாயைத் திறக்கக்கூடாது என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே யாரும் திறந்து பார்க்கவில்லை. வெளியூர் முட்டாள் ஒருவன் வந்து தலையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

மணி ஒன்றே முக்கால். மதாம் பெட்டியின் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஆணி பிடுங்கும் கம்பிகூடத் தயாராக வைத்திருந்தார்.

"முசியே, வெண்ணெ காத்திருக்காது. உங்க மெஷினு ஓடும்னு தெரியும். இது ஓடும்னு உங்களால சொல்ல முடியுமா?"

பெட்டியைப் பார்த்தேன். என் பிழைப்பு அதற்குள் இருந்தது. வட்டக் கண்ணாடியைப் பார்த்தேன். தண்ணீர் செத்த குளம்போல் அசையாமல் கிடந்தது. காலையில் அது கொதித்த கொதி கண்ணுக்குள்ளேயே நின்றது.

"ஒரு மணி நேரம் குடுங்க மதாம். ஓடலன்னா, ராத்திரி முழுக்க நின்னு நானே மாவ உருட்டுதேன்."

"மோன் தியே" என்றார் மதாம். அது 'கடவுளே' என்று பிறகு தெரிந்தது. நான் மாவு உருட்டுவதைக் கற்பனை செய்திருப்பார்.

அருள் பக்கத்து வீட்டிலிருந்து அரை ஹெச்பி மோட்டார் ஒன்றைத் தூக்கிவந்தார். ரொட்டித் தட்டுகளைத் தள்ளி மூடியைத் திறந்தோம். இருட்டுக்குள் தண்ணீர் மினுங்கியது. முகத்தில் அடித்த காற்றே குளுமையாக இருந்தது. ரப்பர் குழாயை உள்ளே கொண்டுவர வழியில்லாமல் திணறியபோது, சுவரில் நான் முந்தின நாள் போட்ட பெரிய ஓட்டை பல்லைக் காட்டியது. அதன் வழியாகவே குழாய் உள்ளே வந்தது. அந்த அறையில் என் கைவேலை என்று சொல்லிக்கொள்ள இருப்பது அந்த ஓட்டை ஒன்றுதான்.

தொட்டிக் குழாயை அடைத்து கிணற்றுத் தண்ணீரைத் திருப்பினோம். உருளையிலிருந்து வெளியே வந்த தண்ணீரைத் தட்டு கழுவும் தொட்டிக்கு விட்டோம். முள் அசையவில்லை. மதாம் ஜெபமாலையை எடுத்தார். முள் கொஞ்சம் இறங்கியது. 'கொர்ர்' சத்தம் தடுமாறியது. அருள் அடுப்புக்கும் கண்ணாடிக்கும் ஓடிக்கொண்டிருந்தார். திடீரென்று, பிள்ளை அழுகையை நிறுத்தித் தூங்கப்போவதுபோல, சத்தம் 'ஸ்ஸ்' என்று மாறியது.

கண்ணாடிக்குள் அடியிலிருந்து ஒரே ஒரு குமிழி கிளம்பி மேலே வந்து உடைந்தது. பிறகு இரண்டு. பிறகு மொத்தத் தண்ணீரும் புரண்டு எழுந்தது.

வெளியே கத்திரி வெயில் தெருவைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அடுப்பு நாக்கை நீட்டி எரிந்தது. இரண்டுக்கும் நடுவில் அந்தச் சின்ன அறை குளிர ஆரம்பித்தது. தெர்மாமீட்டர் இறங்கியதைச் சொல்லவேண்டியதில்லை. என் ஈரத் தலையே சொன்னது. மூன்று மணிக்கு மதாம் ஜெபமாலையை வைத்துவிட்டு வெண்ணெயை எடுத்தார். உருட்ட ஆரம்பித்தார். மடித்தார், திருப்பினார், உருட்டினார். கட்டை ஓடிய இடத்தில் வெண்ணெய் பளிங்குபோல் மாவுக்குள் படிந்தது.

நாலரை மணிக்கு கலைச்செல்வி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். கம்ப்ரசர் சத்தத்தை எதிர்பார்த்து வந்தவருக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. தன்னுடையதும் ஓடவில்லை, என்னுடையதும் மாட்டவில்லை, விருந்தே கெட்டது என்று நினைத்திருக்கிறார்.

"உள்ள வாங்க டீச்சரம்மா" என்றார் அருள். "போர்வ எடுத்தாந்தீங்களா?"

அவர் உள்ளே காலை வைத்தார். குளிர் முகத்தில் பட்டது. குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். பிறகு ரப்பர் குழாய் எங்கிருந்து வருகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து போனார், ஓட்டை வரைக்கும். திரும்பி, மாடிக்கு ஏறும் பழைய குழாயை அடைத்திருந்ததைப் பார்த்தார்.

"டேங்க்கா?" என்றார். "டேங்க்லேர்ந்தா குடுத்திருந்தாங்க?"

சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. மாவுக் கையோடு மதாம் அவரை அணைத்துக்கொண்டதில் முகம் மறைந்துவிட்டது. முகம் வெளியே வந்தபோது நெற்றியிலும் கன்னத்திலும் மாவு. நேராக அருளிடம் போனார்.

"நீங்க தூங்கறீங்கன்னு சொன்னேன் அண்ணே. தப்பு."

"அட, தூங்குவேன்மா" என்றார் அருள். "ஆனா அடுப்ப அணைய விடமாட்டேன்."

ஞாயிறு காலை கோயில் பூசை முடிந்து, விருந்து நடக்கும் மண்டபத்துக்குத் தட்டுகளோடு நானும் போனேன். வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் ஓடினார்கள். பிரான்சிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், வெள்ளைவெளேரென்ற சட்டையில், ஒரு குவாசானை எடுத்து ஓரத்தைப் பிடித்து இழுத்தார். அது சுருள் சுருளாகப் பிரிந்தது, அடுக்குக்குள் அடுக்காக, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக. கடித்தார். சட்டை முழுக்கப் பொன்னிறத் தூள்.

"எங்க செஞ்சீங்க இத? பாரிஸ்லேர்ந்து பெட்டியில கொண்டாந்தீங்களா?" என்று மதாமிடம் கேட்டார்.

"நெல்லித்தோப்பு" என்றார் மதாம்.

மண்டபத்தின் ஓரத்தில் கலைச்செல்வி நின்றிருந்தார். குவாசானைச் சாப்பிடவில்லை. அந்தப் பெரியவரின் சட்டையில் விழுந்த தூளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடத்தை அவர் அதில் எண்ணிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

மத்தியானம் கிளம்பினேன். மதாம் ஒரு பெரிய பொட்டலம் குவாசானைக் கையில் திணித்தார். என் பெட்டி ஆணிகூடப் பிடுங்காமல் என்னோடு திரும்பியது. வாழ்க்கையில் நான் செய்த மகா மோசமான வியாபாரம் இதுதான். பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு குவாசானைத் தின்றேன். வயிற்றுப்புண் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். புதுச்சேரியிலிருந்து போகும் மரப்பெட்டியைப் பார்த்ததும் போலீஸ்காரர் ஒருவருக்கு முகம் பிரகாசமானது.

"யாருதுய்யா இந்தப் பொட்டி? தொறங்க."

ஆணிகளைப் பிடுங்கித் திறந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தவர் முகம் விழுந்தது. "என்னா இது?"

"கம்ப்ரசர் சார். அறைய குளிர வைக்க புதுச்சேரிக்குக் கொண்டுபோனேன்."

"அப்புறம் எதுக்குத் திரும்பக் கொண்டுபோறீங்க?"

"தேவைப்படல சார். அவங்க அடுப்ப எரிச்சே அறைய குளிர வச்சிட்டாங்க."

முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"நெசமாத்தான் சார்" என்றேன். "அடுப்பு எரிய எரிய உள்ள தண்ணி கொதிக்கும். கொதிக்கக் கொதிக்க ஜில்லுனு ஆகும். நானே கன்னத்த வச்சுப் பாத்தேன்."

போலீஸ்காரர் பொறுமையாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஊதுங்க."

ஊதினேன். குனிந்து மோந்தார். நெற்றியைச் சுருக்கினார். "இன்னொரு தடவ." ஊதினேன். அவர் நிமிர்ந்து, வெளியே நின்ற தன் ஜோடிக்காரரைக் கூப்பிட்டார்.

"யோவ், இங்க வாய்யா. இந்த ஆளு வாயில வெண்ணெ வாசம் வருதுய்யா!"

பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொன்று நீட்டினேன். சந்தேகத்தோடுதான் கடித்தார்கள். இரண்டு காக்கிச் சட்டைகளிலும், அடுக்கடுக்காக, பொன்னிறத் தூள் விழுந்துகொண்டிருந்தது.